பரணியும் பங்கீட்டு அரிசியும்

போர் இலக்கியத்தை நிறுத்துப் பார்க்க முன்வருகின்ற விமர்சகன், தன் கையிலுள்ள எடைக்கல் எது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீரத்தை எவ்வளவு எழுச்சியோடு பாடியிருக்கிறது என்பதா எடைக்கல்? களக்காட்சிகள் எவ்வளவு உயிர்த்துடிப்போடு அமைந்திருக்கின்றன என்பதா? சோகம் எவ்வளவு கண்ணீரை வரவழைக்கிறது என்பதா? இவை மூன்றும் வேண்டியவையே; ஆயினும் போதியவை அல்ல. போரைத் தொடங்கவும் முடிக்கவும் அதிகாரம் அற்ற கோடிக்கணக்கான மக்களின் வாழ்வுக்குள் அந்தப் போர் எந்த வழியாகப் புகுந்தது, எதைப் பறித்தது, பறித்ததை யாரிடம் சேர்த்தது என்ற கேள்விக்கு விடை தருகின்ற எழுத்தே முழுமையான போர் இலக்கியம் ஆகும். இந்த எடைக்கல்லைக் கொண்டு, இரண்டாவது உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுந்த எழுத்துக்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதிப்பிடுவதற்கு நாம் நிற்கும் இடம் சம்மாந்துறை. இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்கு மேற்கே, நெல்வயல்களின் நடுவே அமைந்த தமிழ் பேசும் முஸ்லிம் ஊர் அது. 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சம்பான்கள் வந்து தங்கிய துறையாதலால் சம்பான்துறை எனப்பட்டு, பின்னர் சம்மாந்துறை ஆயிற்று என்பது வழிவழி வரும் பெயர் விளக்கம். உலகப் போரைப் பார்ப்பதற்கு இவ்வூர் மிகச் சிறிய இடம் அல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆனால், அந்தப் போரில் ஆசிய மக்களைப் பொறுத்தவரை துப்பாக்கிக்கு இணையான ஆயுதமாக விளங்கியது அரிசி. அரிசியை அறிய வேண்டுமானால் நெல் விளையும் ஊரில் நின்று பார்ப்பதே முறை.

* * *

நெற்களத்தையும் போர்க்களத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது தமிழுக்குப் புதியதன்று. 'களம்' என்ற சொல்லே இரண்டுக்கும் உரியது. 'போர்' என்றால் யுத்தம். வைக்கோலைக் குவித்து வைத்தாலும் அது போர்தான். தொல்காப்பியம் வாகைத் திணையில் உழவரின் களவழியையும் வீரரின் களவழியையும் அடுத்தடுத்து வைத்து இலக்கணம் கூறுகிறது. சங்கப் புலவர்கள் இந்த உவமையை விரித்து, வாளை அரிவாளாகவும், பிணக் குவியலை நெற்போராகவும், களத்தில் உழக்குகின்ற யானையைச் சூடு மிதிக்கும் எருதாகவும் பாடினார்கள். சோழன் செங்கணானின் வெற்றியைப் பாடும் களவழி நாற்பது இந்த மரபின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இவ்வுவமையின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உழவனின் உழைப்பு அரசனின் கொலைத் தொழிலுக்கு அணியாகிறது. அரசன் உழவனைப் போல் தோன்றுகிறான். உழவன் என்ன ஆனான் என்ற செய்தியோ இல்லை. பகைவர் நாட்டைத் தீயிட்டு எரிப்பது வஞ்சித் திணையில் ஒரு துறையாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. எரிந்த வயல் யாருடையது, அந்த ஆண்டு அவன் வீட்டில் எது உலையேறியது என்பவை அத்துறையின் எல்லைக்குள் வரவில்லை.

கலிங்கத்துப்பரணி இந்த மரபின் உச்சி. முதலாம் குலோத்துங்கனின் படைகள் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். அந்நூலில் பசி உண்டு, சமையலும் உண்டு. பசித்திருப்பவை காளியின் பேய்கள். அவை களத்திலே கூழ் சமைத்து உண்டு களிக்கின்றன. தமிழில் போரையும் உணவையும் இவ்வளவு நெருக்கமாக இணைத்த வேறு படைப்பு இல்லை. ஆனால் அந்தப் பசி பேயின் பசி. மனிதப் பசி அன்று. கலிங்க நாட்டு உழவன் அப்போருக்குப் பின் எதை உண்டான் என்று பரணியைக் கேட்டால் விடை கிடைக்காது. அரசவைப் புலவரிடம் அந்த விடையை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆனால் முடியாட்சியும் அரசவையும் மறைந்து, அச்சு இயந்திரமும் வாக்குரிமையும் வந்துவிட்ட காலத்தின் எழுத்தாளன் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

* * *

இனி அந்த உலகப் போரின் போக்கைப் பார்ப்போம். 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன; 3ஆம் திகதி பிரித்தானியா போர்ப் பிரகடனம் செய்தது. இலங்கை, இந்தியா, பர்மா, மலாயா ஆகிய நாடுகளின் மக்களை எவரும் கேட்கவில்லை. எசமானன் போரில் இறங்கியதால் அடிமை நாடுகளும் போரில் இறங்கியவை ஆயின. இதை ஏகாதிபத்தியங்களின் போர் என எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் 1940இல் சிறை வைக்கப்பட்டனர். 1941 ஜூன் 22ஆம் திகதி சோவியத் நாடு தாக்கப்பட்டபின், இது பாசிசத்துக்கு எதிரான மக்கள் போராக மாறிவிட்டதா என்ற விவாதம் இடதுசாரிகளைப் பிளந்தது. பாசிசம் முறியடிக்கப்பட வேண்டியிருந்தது என்பதில் இன்று எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. அதை முறியடித்தவர்களுள் ஒரு பகுதியினர் தம் குடியேற்ற நாடுகளின் மக்களைப் பசியில் தள்ளினார்கள் என்பதும் அதே அளவு உண்மை. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏந்தி நிற்கும் துணிவு எழுத்துக்கு வேண்டும்.

1941 டிசெம்பரில் யப்பான் போரில் குதித்தது. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் வீழ்ந்தது. படை வரலாற்றில் இவை இரண்டு தோல்விகள். அரிசியின் வரலாற்றில் ரங்கூனின் வீழ்ச்சி அதனினும் பெரிய சம்பவம். போருக்கு முன் உலகத்திலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் தொன் அங்கிருந்து கப்பலேறியது. இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இறக்குமதி செய்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி.

இந்த அரிசி வந்த வழியை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். ஐராவதிக் கழிமுகத்தில் பர்மிய உழவன் விளைவித்தான். அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து சென்ற நகரத்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் மீளாமற் போகவே, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. ரங்கூன் துறைமுகத்தில் சுமை தூக்கியவர்கள் தென்னிந்தியக் கூலிகள். கப்பலில் வந்த அரிசியை இலங்கைத் தோட்டங்களில் உண்டவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். தேயிலையும் றப்பரும் ஏற்றுமதியாக வேண்டும், அவற்றை விளைவிப்பவன் இறக்குமதிச் சோறு உண்ண வேண்டும் என்பதே குடியேற்றப் பொருளாதாரத்தின் விதி. இந்தச் சங்கிலியில் முதலும் தமிழ், கூலியும் தமிழ், பசியும் தமிழ். ரங்கூன் வீழ்ந்தபோது சங்கிலி அறுந்தது.

அறுந்த ஓசை ஒரே மாதத்தில் கிழக்குக் கரையில் கேட்டது. 1942 ஏப்ரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகுமோவின் கப்பற்படையிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகம் தாக்கப்பட்டது. அன்று முற்பகலிலேயே, திருகோணமலையிலிருந்து வெளியேறித் தெற்கே வந்திருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ், மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பலில் அன்று விமானம் ஒன்றேனும் இல்லை. முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அக்கப்பலோடு மாண்டார்கள். உலகப் போர் நம் கரையிலிருந்து சில மைல் தொலைவிலேயே நிகழ்ந்தது.

கப்பல் மூழ்கியதைப் படை வரலாறுகள் நிமிடக் கணக்கில் பதிந்து வைத்திருக்கின்றன. அதே ஆண்டில் கரையில் நிகழ்ந்ததற்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. அரிசி பங்கீட்டுக்கு வந்தது, கூப்பன் வந்தது. சோற்றுக்குப் பழகிய வீடுகளில் கோதுமை மாவும் வேறு தானியங்களும் புகுந்தன. நெல் விளையும் மாவட்டங்களில் அரசாங்கம் கட்டாயக் கொள்முதல் செய்தது. அதுவரை பர்மா அரிசியின் மலிவான விலைக்கு முன் மதிப்பிழந்து கிடந்த கிழக்கு மாகாணத்து நெல், திடீரென நாட்டின் உயிர்ப்பொருள் ஆயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நெல்லுக்கு மதிப்பு உயர்ந்தது என்றால், உயர்ந்த மதிப்பு யாருக்குச் சேர்ந்தது? மட்டக்களப்புப் பகுதியின் வேளாண்மையில் போடியார் ஒருவர், வயற்காரர் பலர். நிலம் போடியாருடையது, சேற்றில் இறங்கியவர் வயற்காரர். களவெட்டியில் நெல் அளந்து முடிந்ததும் விதைநெல், முற்கடன் என்று கழித்தபின் வயற்காரர் கையில் விற்பதற்கு மீதி ஏதும் எஞ்சாவிட்டால், விலையேற்றம் அவருக்கு ஆதாயமாகாது. அடுத்த அறுவடை வரை அவரும் வாங்கி உண்பவரே. கொள்முதல் விலைக்கும் கள்ளச் சந்தை விலைக்கும் இடையில் இருந்த இடைவெளியில் செல்வம் சேர்க்க, கையிருப்பு வைக்கும் வசதி வேண்டும். பஞ்ச காலம் எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்வோர், பஞ்சம் ஒருவனுக்குப் பட்டினியாகவும் இன்னொருவனுக்குச் சந்தையாகவும் இருப்பதை மறைத்துவிடுகிறார்கள்.

* * *

இதே காலத்தில் வங்காளத்தில் நடந்ததை இலங்கையோடு ஒப்பிட்டால், போரைப் பற்றிய முக்கியமான ஓர் உண்மை விளங்கும். பர்மா அரிசி இரு நாடுகளுக்கும் நின்றது. வங்காளத்தில், யப்பானியர் கையில் சிக்கிவிடக்கூடாது என்று கரையோர மாவட்டங்களின் நெல் கையிருப்பை அரசாங்கம் அப்புறப்படுத்தியது. பல்லாயிரம் தோணிகளைப் பறித்தது, அழித்தது. தோணியே காலாக இருந்த ஒரு நாட்டில் மீனவனும் உழவனும் நடையிழந்தனர். 1942 ஒக்டோபரில் புயல் அடித்தது; போர்ச் செலவினால் விலைவாசி ஏறியது; வியாபாரிகள் பதுக்கினார்கள்; தானியக் கப்பல்களுக்கான வேண்டுகோளை லண்டன் போதிய அளவு ஏற்கவில்லை. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மடிந்தவர்கள் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் என்று பிற்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. உணவு இல்லாமையினும், உணவைப் பெறும் வலிமை இல்லாமையே அங்கு மக்களைக் கொன்றது என்று அமர்த்தியா சென் 1981இல் விரிவாக எடுத்துக்காட்டினார்.

இலங்கையில் பசி இருந்தது. வங்காளத்தைப் போன்ற பெருஞ்சாவு இல்லை. ஏன்? இங்கே கூப்பன் இருந்தது. எல்லோருக்கும் ஓர் அளவு கிடைத்தது. மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இலங்கையின் றப்பரும் திருகோணமலைத் துறைமுகமும் இன்றியமையாதவை. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகமும் கண்டிக்கு வந்தது. பசித்த மக்களின் நடுவே படைத்தளத்தை வைத்திருக்க முடியாது. 1931 முதல் இங்கு சர்வசன வாக்குரிமை இருந்ததும், மக்களின் சோற்றைப் பற்றி ஆள்வோர் எண்ணாமல் இருக்க இடந்தரவில்லை.

ஆகவே, பஞ்சம் விதியன்று, அது தீர்மானம். ஓரிடத்தில் சில மனிதர்கள் ஒரு மாதிரி தீர்மானித்தார்கள். இன்னோரிடத்தில் வேறு மாதிரி தீர்மானித்தார்கள். போரை ஒரு புயலாக, ஒரு பூகம்பமாக, யாரும் பொறுப்பேற்க வேண்டாத இயற்கைச் சீற்றமாகக் காட்டுகின்ற எழுத்து, எழுதியவர் நல்லவராயினும், தீர்மானித்தவர்களைத் தப்பவிடுகிறது.

வங்கக் கலைஞர்கள் தப்பவிடவில்லை. சைனுல் ஆபிதீன் பஞ்சத்தில் வீழ்ந்தவர்களை மலிவான தாளில் கருமையால் வரைந்தார். சித்தபிரசாத் பஞ்ச மாவட்டங்களில் நடந்து திரிந்து எழுதி வரைந்த 'பசித்த வங்காளம்' என்ற நூலை ஆங்கில அரசு பறிமுதல் செய்து அழித்தது. பிஜன் பட்டாச்சார்யாவின் 'நவான்ன' நாடகத்தை 1944இல் இந்திய மக்கள் நாடக மன்றத்தினர் மேடையேற்றினர். கிராமத்து உழவர்களையே நடுவில் நிறுத்திய அந்நாடகம் வங்க நாடக மேடையின் போக்கையே திருப்பியது. நிகழ்ச்சி சூடாறுமுன் அங்கே கலை பிறந்தது.

* * *

தமிழில் நிலைமை என்ன? நம்மிடம் போர் எழுத்தே இல்லை என்று சொல்வது தவறு. நல்ல எழுத்து உண்டு. அதன் பலத்தையும் எல்லையையும் நேர்மையாக எடுத்துரைப்பதே விமர்சகனின் கடன்.

முதலில் ப. சிங்காரம். போர்க்காலத்தை இந்தோனேசியாவில் கழித்த அவர், 1959இல் 'கடலுக்கு அப்பால்' நாவலையும் 1972இல் 'புயலிலே ஒரு தோணி' நாவலையும் வெளியிட்டார். பின்னது தமிழ் நாவலின் பெரிய சாதனைகளுள் ஒன்று. மெடான் நகரத் தெருவில் யப்பானியப் படை நுழைவதைக் காட்டும் கண், வீரவணக்கம் செய்யும் கண் அன்று; கடைக்காரன் எதைப் பூட்டுகிறான், கூட்டம் எதைச் சூறையாடுகிறது என்று கவனிக்கும் கண். வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்களும் கணக்கப்பிள்ளைகளும் போராளிகளாக மாறுவதையும், போராளிகள் பழம்பெருமை பேசுவதையும் ஒருசேர எள்ளி நகையாடும் துணிவு சிங்காரத்துக்கு இருந்தது. பரணி மரபை உள்ளிருந்தே உடைத்த முதல் தமிழ் நாவல் அது எனலாம். 'கடலுக்கு அப்பால்' இன்னும் கசப்பான உண்மையைச் சொல்கிறது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்பிய செல்லையாவுக்கு வட்டிக்கடை முதலாளி தன் மகளைக் கொடுக்க மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை பேரேடு எழுத உதவாது என்பதே அவர் கணக்கு. போர் கடைசியில் வந்து முடிகின்ற இடம் பேரேடு என்பதை இவ்வளவு அடக்கமாகச் சொன்னவர் வேறு எவர்?

எனினும் எல்லை உண்டு. 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் தனியன், அறிவாளி, சாகசக்காரன். நாவல் முன்னேற முன்னேறச் சாகசம் அவனைச் சூழ்ந்துகொள்கிறது. அதே மண்ணில் தோட்டங்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் அவனுடைய கண்ணின் விளிம்பிலேயே நிற்கின்றனர். பெண்கள் அதற்கும் அப்பால் நிற்கின்றனர்.

இரண்டாவது, வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய அவர், 1942இல் தம் மனைவியுடன் நடந்து இந்தியாவுக்குத் திரும்பிய கதை. மிகைப்படுத்தாத நடை, குடிநீர், தங்குமிடம், காலின் வலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்லும் பொறுமை. நேரில் கண்டவனின் சாட்சி என்ற வகையில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் அந்த வழியில் இலட்சக்கணக்கானோர் நடந்தனர். வழியிலேயே விழுந்து மடிந்த கூலிகள் நூல் எழுதவில்லை. படித்தவர் ஒருவரின் சாட்சியை நாம் போற்றும்போதே, அதன் பக்கத்தில் எழுதப்படாத சாட்சிகள் கிடப்பதையும் நினைக்க வேண்டும்.

மூன்றாவது, மலேசியத் தமிழர் தந்தவை. சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் 1942க்கும் 1943க்கும் இடையில் 415 கிலோமீற்றர் இரயில் பாதை அமைத்தனர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டு, ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களின் தொகை அதைப் போல் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து முதலில் ஆசை காட்டியும் பின்னர் வளைத்துப் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களுள் மிகப் பலர். அவர்களுள் மாண்டவர்கள் தொகை பல பத்தாயிரங்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இவர்களை நடுவில் நிறுத்தின. நமது எடைக்கல்லுக்கு மிக அருகில் வருபவை இவையே. இவை வெளிவருவதற்கு அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் ஆயிற்று என்பதே நமது குறை. வங்கத்தில் மறு ஆண்டே நாடகம். தமிழில் பேரப்பிள்ளைகள் காலத்தில் நாவல்.

ஏன் இந்தத் தாமதம்? திறமைக் குறைவால் அன்று. வங்கத்தில் எழுத்தாளனும் உழவர் இயக்கமும் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தன. தமிழில் வாசகர் கூட்டம் நகரத்தில் இருந்தது. பத்திரிகையும் நகரத்தில் இருந்தது. செத்தவனோ கடல் கடந்த தோட்டக்காட்டில் இருந்தான். அவனுக்கும் எழுத்துக்கும் இடையில் பாலம் இல்லை.

கிழக்கிலங்கையின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. வயலின் மொழி நமக்கு இல்லாமல் இல்லை. பெரிய நீலாவணையின் கவிஞர் நீலாவணன் 'வேளாண்மை' என்ற காவியத்தையே தொடங்கினார். 1975இல் அவர் மறைந்தபின், முற்றுப்பெறாத நிலையில் 1982இல் அது நூலாயிற்று. வாடி, வட்டை, களவெட்டி, சூடு என்று இப்பகுதியின் சொற்களுக்கெல்லாம் இலக்கியத் தகுதி உண்டு என்பதை அது காட்டிற்று. கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கி, மண் பறிக்கப்பட்ட வேறொரு மக்களின் குரலை நம் காதுக்குக் கொண்டுவந்தார். வயலின் மொழி ஒரு கையில். உலகப் போர்களை உணரும் நெஞ்சு மறு கையில். இரண்டும் சேர்ந்து, ஹெர்மிஸ் மூழ்கிய கடலையும் கூப்பன் வந்த கரையையும் ஒரே நாவலில் கட்டிய படைப்பு நம் வாசகர் மனத்தில் இன்னும் இடம்பெறவில்லை.

* * *

போர் முடிந்த கதையையும் இதே எடைக்கல்லால் நிறுக்க வேண்டும். 1945 மே மாதத்தில் யேர்மனி சரணடைந்தது. ஓகஸ்ட் 6இல் ஹிரோஷிமா, 9இல் நாகசாகி. செப்டெம்பர் 2இல் யப்பான் சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டது. சமாதான உடன்படிக்கை சன்பிரான்சிஸ்கோவில் 1951 செப்டெம்பர் 8ஆம் திகதி கைச்சாத்தாயிற்று. அம்மாநாட்டில் இலங்கையின் சார்பில் பேசிய ஜே. ஆர். ஜெயவர்தன, பகை பகையால் தணியாது என்ற புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி, இலங்கை நட்டஈடு கோராது என அறிவித்தார். உயர்ந்த பேச்சு அது. யப்பானியர் இன்றும் நன்றியோடு நினைவுகூர்வது. சோவியத் நாடு அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. இந்தியாவும் பர்மாவும் மாநாட்டுக்கே செல்லவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், இரயில் பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாகப் பேணப்படுகின்றன. அதே பாதையில் மாண்ட தமிழ்க் கூலிகளுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. அரசுகள் அரசுகளை மன்னிப்பது எளிது. மன்னிக்கும் உரிமை உடையவனிடம் எவரும் கேட்கவில்லை.

அரிசியைப் பொறுத்தவரை 1945இல் போர் முடியவுமில்லை. போர்க்காலத்தில் வந்த பங்கீடு பல வடிவங்களில் 1970களின் இறுதிவரை நீடித்தது. 1950இல் மூண்ட கொரியப் போரினால் முதலில் றப்பர் விலை ஏறியது. பின்னர் அது சரிந்தபோது அரிசி விலை ஏறி நின்றது. அதனாலேயே 1952இல் இலங்கை மக்கள் சீனத்துடன் றப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. 1953இல் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். போரை எதிர்த்துச் சிறை சென்ற பிலிப் குணவர்தன 1958இல் அமைச்சராக நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்து, குத்தகை உழவனுக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை வழங்க முயன்றார். களவெட்டியில் நெல் யாருக்கு என்ற பழைய கேள்விக்குச் சட்டம் தேடிய விடை அது.

அரிசியில் தன்னிறைவு வேண்டும் என்ற நோக்கோடு, 1949இல் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டது. சம்மாந்துறை வயல்களுக்கும் அதன் நீர் பாய்ந்தது. கூடவே குடியேற்றமும் வந்தது. நிலம் யாருக்கு என்ற சச்சரவும் வந்தது. 1983க்கும் 2009க்கும் இடையில் நம் நாடு தன் சொந்தப் போரைக் கண்டபோது, இக்கரையின் தமிழ் உழவனும் முஸ்லிம் உழவனும் தத்தம் வயலுக்குப் போக அஞ்சி நின்ற பருவங்கள் பல.

இங்கேதான் போர் இலக்கியம் பற்றிய கேள்வி ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் உயிர்க் கேள்வி ஆகிறது. நம் சொந்தப் போரைப் பற்றி இன்று எழுதப்படுபவற்றுள் ஒரு பகுதி மறுபடியும் பரணியாகி வருகிறது. தன் பக்கத்து வீரன், தன் பக்கத்துப் பிணம், தன் பக்கத்துக் கண்ணீர். மற்றப் பக்கத்து வயற்காரன், கலிங்கத்து உழவனைப் போல, கவிதையின் எல்லைக்கு வெளியே நிற்கிறான். உலகப் போரைச் சரியாக எழுதக் கற்காத ஒரு மொழி, தன் வீட்டுப் போரையும் சரியாக எழுதாது. தொலைவிலுள்ள போரை எழுதுவது அந்தப் பயிற்சிக்கு உதவும். அங்கே நமக்குப் பக்கம் பிடிக்கும் பதற்றம் குறைவு, உண்மையைப் பார்க்கும் நிதானம் அதிகம்.

எழுதப்பட வேண்டிய அந்த நாவலில் என்ன இருக்க வேண்டும்? 1942 ஏப்ரிலில் கடலில் எழுந்த புகை இருக்கட்டும். அன்றைய வயலில் நின்ற வேளாண்மையும் இருக்கட்டும். கொள்முதலுக்கு வந்த உத்தியோகத்தரும், நெல்லை ஒளித்த போடியாரும், ஒளிக்க ஒன்றுமில்லாத வயற்காரரும், கூப்பனோடு வரிசையில் நின்ற அவர் மனைவியும் இருக்கட்டும். ரங்கூன் பேரேடும், மலைநாட்டு லயத்தின் அடுப்பும், வங்காளத்தில் உடைக்கப்பட்ட தோணியும் அந்தக் களவெட்டியோடு எவ்விதம் பிணைந்திருந்தன என்பது தெரியட்டும். தீர்மானித்தவர்கள் யார் என்பது மறைக்கப்படாமல் இருக்கட்டும்.

1942இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. சம்மாந்துறையிலும் கல்முனையிலும் நிந்தவூரிலும் காரைதீவிலும் அப்படிப்பட்ட முதியவர்கள் எஞ்சியிருக்கும் வீடுகள் இனி மிகச் சில. வாசிகசாலைகளும் எழுத்தாளர் சங்கங்களும் ஆசிரியர்களும் அவ்வீடுகளுக்குச் சென்று, அந்த ஆண்டுகளில் அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். அரண்மனையின் கணக்கைப் பரணி எழுதிவிட்டது. சோற்றுப் பானையின் கணக்கை எழுத வேண்டியவர்கள் நாம். அதற்கு எஞ்சியிருக்கும் காலம் சொற்பம்.